மயான காண்டமும் பல்கலைக்கழகமும்: ஈழத்துத் தமிழ் நாடகக் கல்வி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

ஈழத்துத் தமிழரிடையே நாடகம் எக்காலத்திலும் கற்பிக்கப்பட்டே வந்துள்ளது. அது பல்கலைக்கழகத்திற் கற்கப்படும் பாடமாகியமையே அண்மைக்கால நிகழ்ச்சியாகும். இவ்விரு உண்மைகளையும் ஒருசேர நோக்காதவிடத்து, நாடகக் கல்வியின் வரலாறு பாடத்திட்டங்களின் வரலாறாகச் சுருங்கிவிடுகின்றது. பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முன்னரே நடிப்பையும் அரங்க ஆக்கத்தையும் முறையாகப் பயிற்றியோர் யாவர், அவர்தம் அறிவு எவ்வழியாகப் பல்கலைக்கழகத்தினுள் வந்தது, அறிவு வந்தபொழுது அதனை உடையோரும் உடன் வந்தனரா என்னும் வினாக்கள் அத்தகைய வரலாற்றில் எழுவதில்லை. அவ்வினாக்களைக் காங்கேசன்துறை என்னும் ஓர் ஊரை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காங்கேசன்துறையைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. 'நடிகமணி' என்று போற்றப்பெற்ற வி. வி. வைரமுத்து 1924ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அவ்வூரிற் பிறந்தார். அதே ஆண்டு மே மாதத்தில், அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள தெல்லிப்பழையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பிறந்தார். பின்னவர் இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று, பேராதனையிற் கூத்து மரபைப் புத்தாக்கம் செய்து, 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தரானார். முன்னவர் காங்கேசன்துறை வசந்தகான சபாவின் உயிர்நாடியாக விளங்கி, அரிச்சந்திரனின் 'மயான காண்டத்தை' மூவாயிரம் மேடைகளுக்கு மேல் ஆடினார் எனப்படுகின்றது. 1989 சனவரியில் வித்தியானந்தனும் அவ்வாண்டு யூலையில் வைரமுத்துவும் காலமாயினர். ஒரே தலைமுறையில், ஒரே நிலப்பகுதியில், ஒரே கலையின் பொருட்டு வாழ்ந்த இருவருள் ஒருவரது அறிவு 'ஆய்வு' எனவும் மற்றவரது அறிவு 'அனுபவம்' எனவும் பெயர் பெற்றன. இப்பெயர் வேறுபாடு தனிமனிதரின் திறமையைப் பொறுத்ததன்று. கல்வி நிறுவனத்துக்கும் உழைப்புக்கும் இடையே நமது சமூகத்தில் நிலவிய உறவின் வெளிப்பாடு அது. தனிமனிதர் எவரையும் குறை கூறுவது எமது கருத்தன்று என்பதனை முதற்கண் கூறிவைத்தல் வேண்டும்.

2

காங்கேசன்துறை யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஏனைய விவசாயக் கிராமங்களினின்றும் வேறுபட்ட ஊராகும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் மூலவராகிய காங்கேயன் வந்திறங்கிய துறை என்ற ஐதீகத்தால் அஃது அப்பெயர் பெற்றது. குடியேற்றவாத ஆட்சியிற் புகையிரதப் பாதை அங்குதான் முடிவுற்றது. 1905ஆம் ஆண்டிற் கொழும்புடனான இணைப்பு நிறைவெய்தியது. 1950இற் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. துறைமுகம், புகையிரதம், தொழிற்சாலை ஆகிய மூன்றும் நிலத்தோடு மட்டும் பிணைப்புண்டிராத, கூலிபெற்று உழைக்கும் மக்கட் கூட்டம் ஒன்றினை அங்கு உருவாக்கின. கோயில் வீதியிலும் வயல்வெளியிலும் மட்டுமன்றி, அனுமதிச் சீட்டு விற்ற கொட்டகையிலும் ஆடப்பட்ட கலையொன்று வேரூன்றுவதற்கு அத்தகைய சூழல் உகந்ததாயிருந்தது எனக் கருதுவதில் தவறில்லை.

அக்கலை இசை நாடகம் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பார்சி நாடகக் குழுக்களின் பாதிப்பினாலே தமிழகத்தில் உருப்பெற்ற அவ்வடிவம், சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோரின் எழுத்தினால் நிலைபெற்றது. பாக்குநீரிணையைக் கடந்துவந்த தமிழகக் குழுக்கள் யாழ்ப்பாணத்துக் கொட்டகைகளிலே பல இரவுகள் தங்கி ஆடின. அவர்களுடன் ஆடியும் அவர்களைப் பார்த்துப் பயின்றும் உள்ளூர்க் கலைஞர் பரம்பரையொன்று தோன்றிற்று. அரிச்சந்திரன், சத்தியவான் சாவித்திரி, கோவலன், பவளக்கொடி, பக்த நந்தனார் என்பன இரு கரையிலும் ஒருங்கே வழங்கின.

இக்கலைஞருட் பலர் சாதியாலும் பொருளாலும் ஒடுக்கப்பட்ட மக்களிடையே இருந்து வந்தோராவர். பகலில் வேறு தொழில் செய்து இரவில் முடிதரித்தோர் அவர்கள். 'கூத்தாடி' என்ற சொல் யாழ்ப்பாணத்து வேளாண் சமூகத்தில் வசைச்சொல்லாகவே வழங்கிற்று. இவ்வசையினின்றும் நாடகத்தை மீட்கும் முயற்சி ஒன்றும் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாந் தசாப்தத்தில் நிகழ்ந்தது. சென்னையில் 1891ஆம் ஆண்டு சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியாரை முன்மாதிரியாகக் கொண்டு, கலையரசு க. சொர்ணலிங்கம் இலங்கை சுபோத விலாச சபையை நடாத்தினார். ஆங்கிலங் கற்ற உத்தியோகத்தரும் சட்டத்தரணிகளும் மேடையேறினர். ஊதியம் பெறாது ஆடுவதே கௌரவம் என்னும் கருத்து அவர்களிடையே நிலைபெற்றது. நாடகம் இழிவானதன்று என்பதனை நிறுவ முற்பட்ட அம்முயற்சி, கூலிக்கு ஆடுதல் இழிவானது என்பதனையும் உடன் நிறுவிவிட்டது. மத்தியதர வர்க்கம் ஒரு கலையைத் தன்னதாக்கிக்கொள்ளும்பொழுது அக்கலையினால் உயிர்வாழ்ந்தோரை அப்புறப்படுத்துவதை வேறு பல துறைகளிலும் காண்கின்றோம். பல்கலைக்கழகம் நாடகத்தின்பாற் கவனஞ் செலுத்தத் தொடங்கியபொழுது இம்மதிப்பீடு ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

3

பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிலவிய பயிற்சி முறைகளை இனி நோக்குதல் வேண்டும். அவை ஒழுங்கற்றவை, குருட்டுப் பழக்கத்தால் அமைந்தவை என்ற எண்ணம் படித்தோர் பலரிடமும் உண்டு. உண்மை அதுவன்று.

மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளை எடுத்துக்கொள்வோம். கூத்தைப் பழக்கத் தொடங்குமுன் 'சட்டங் கொடுத்தல்' நிகழும். ஆடுவோருக்குப் பாத்திரமும் அதற்குரிய பாட்டும் வகுத்தளிக்கப்படும். பல மாதம் களரியிலே தாளக்கட்டும் ஆட்டமும் பழகியபின் 'சதங்கை அணிதல்' இடம்பெறும். ஆட்டத்தில் ஒருவன் தேறிவிட்டான் என்பதற்கு ஊரறிய அளிக்கப்படும் சான்றிதழ் அதுவே. அதன்பின் முழுக்கூத்தையும் தொடர்ச்சியாக ஆடிச் சரிபார்க்கும் 'அடுக்குப் பார்த்தல்', இறுதியாக அரங்கேற்றம். ஏட்டினைப் பார்த்துப் பாடல் சொல்லிக்கொடுக்கும் ஏட்டண்ணாவியாரும் மத்தளத்தால் ஆட்டத்தை வழிநடத்தும் மத்தள அண்ணாவியாரும் வெவ்வேறு கடமைகளைப் பகிர்ந்துகொள்வர். சேர்க்கை, பயிற்சிப் பருவம், இடைத்தேர்வு, இறுதித் தேர்வு ஆகிய யாவும் இதனுள் அடங்கியுள்ளன. எனினும் இம்முறையை இலட்சியப்படுத்தவும் வேண்டியதில்லை. பாத்திரப் பகிர்விலே ஊரின் அதிகார அடுக்கு தொழிற்பட்டது. அரசன் வேடம் குரல்வளத்தினால் மட்டும் கிடைப்பதன்று. பெண்களுக்குக் களரியில் இடமிருக்கவில்லை.

இசை நாடகத்தின் பயிற்சி இதனினும் வேறுபட்டது. நீண்டநாள் ஒத்திகை அங்கு அரிது. வெவ்வேறு ஊர் நடிகர் மேடையிலேயே சந்தித்து, கதையின் போக்கையும் வழக்கமான பாடல்களையும் அறிந்திருந்தமையால் அன்றைய இரவையே ஆக்கிக்கொள்ளும் வழக்கும் இருந்தது. எந்தச் சுருதியில் எதிர்ப்பாத்திரம் பாடி முடித்தாலும் அதனைப் பற்றிக்கொண்டு தன் விருத்தத்தைத் தொடங்கவும், தர்க்கத்தில் எதிர்பாராத வினாவுக்கு உடனடியாக விடையிறுக்கவும், ஆர்மோனியக்காரனுக்கும் மிருதங்கக்காரனுக்கும் குறிப்பால் உணர்த்தவும், ஒலிபெருக்கி இல்லாத காலத்திற் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொல்லைத் திருத்தமாக வெளிப்படுத்தவும் நடிகன் வல்லவனாயிருத்தல் வேண்டும். இன்று பட்டப்படிப்புகளிலே 'புத்தளிப்பு', 'குரற் பயிற்சி', 'கூட்டு நடிப்பு' எனத் தனித்தனி அலகுகளாகக் கற்பிக்கப்படுவன அனைத்தும் அக்கலைஞரிடம் ஒன்றாகப் பிணைந்திருந்தன. அவற்றைப் பெறுவதற்கு அவர்கள் செலுத்திய கட்டணம் இளமைக்காலம் முழுவதையும் மேடையோரத்திலே கழித்தமைதான்.

மயான காண்டம் ஏன் மீண்டும் மீண்டும் வேண்டப்பட்டது என்பதும் சிந்தித்தற்குரியது. முழு அரிச்சந்திரன் கதையிலிருந்து இறுதிப் பகுதியை மட்டும் மக்கள் விரும்பிக் கேட்டனர். மனைவியும் மகனும் விலைப்பட்டுவிட்டனர். அரசனும் தன்னை விற்றுச் சுடலை காக்கும் அடிமையாயினான். பாம்பு கடித்து இறந்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி சுமந்துவருகின்றாள். அவளிடமே கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டு நிற்கின்றான் கணவன். சத்தியத்தின் வெற்றி என்ற அறக்கருத்தாகவே இது வழக்கமாக விளக்கப்படுகின்றது. ஆனால் அந்த இரவிற் பார்வையாளர் முன் நிகழ்வது வேறொன்றாகும். மனிதன் விலைப்பொருளாகின்றான், மரணத்துக்கும் வரி அறவிடப்படுகின்றது, அறவிடுபவனும் அடிமையே. சுடலைத் தொழிலோடு சாதியையும் பிணைத்த சமூகத்தில், முடிமன்னன் அத்தொழிலைச் செய்ய நேர்ந்த கதையை, சாதியின் பாரத்தை அன்றாடம் அனுபவித்தோர் பார்த்துக் கண்ணீர் வடித்தமை வெறும் பக்தியினால் அன்று. அக்கதையின் முடிவிலே தெய்வம் தோன்றி எல்லாவற்றையும் பழைய நிலைக்கு மீட்டுவிடுவதனால் அதன் எதிர்ப்புணர்வு கரைந்துபோகின்றது என்பதும் மெய்யே. இம்முரண்பாட்டின் இரு முனைகளையும் ஒருங்கே காண்பதுதான் ஆய்வாளனின் கடமையாகும்.

4

பல்கலைக்கழகத்துத் தமிழ் நாடக முயற்சிகள் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையுடன் தொடங்குகின்றன. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை மேடைமொழியாக்கி அவர் எழுதிய நாடகங்கள் 'நானாடகம்' (1940), 'இருநாடகம்' (1952) எனத் தொகுக்கப்பெற்றன. மாணவர் நடித்த அந்நாடகங்கள் மத்தியதர வர்க்கத்து வீட்டினுள் நிகழும் போலிமைகளை எள்ளி நகையாடின. மேடைமொழியை மக்கள் மொழியாக்கியமை சிறந்த முன்னேற்றமே. ஆயினும் நடிப்பு அங்குக் கல்வியாகக் கருதப்படவில்லை. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு நிகழ்ச்சியாகவே அது நின்றது.

திருப்புமுனை 1956ஆம் ஆண்டு ஏற்பட்டது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய 'மனமே', சிங்கள நாடகத்துக்கு நாடகம் என்னும் நாட்டார் வடிவத்தினின்றும் புதுவாழ்வு அளித்தது. அந்நாட்டார் வடிவமோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. தேசியம் பற்றிய விழிப்பு அரசியலிலும் இலக்கியத்திலும் மேலோங்கிய அக்காலத்தில், தமிழருக்குரிய தேசிய நாடக வடிவம் யாது என்ற வினா எழுந்தமை இயல்பே. வித்தியானந்தன் அளித்த விடை கூத்து. 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1965), 'வாலிவதை' (1967) என்பன அடுத்தடுத்து மேடையேறின. விடிய விடிய ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் அடங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. ஆட்டம் செம்மையுற்றது, மாணவியர் பெண் பாத்திரங்களை ஏற்றனர். 'இராவணேசனில்' இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் அத்துறையின் முதன்மையான ஆய்வாளராகவும் நெறியாளராகவும் வளர்ந்தார்.

மாணவருக்கு ஆட்டம் பயிற்றியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பேராதனை மலையடிவாரத்துக்கு அண்ணாவியார் ஒருவர் ஆசானாக வந்தமை ஈழத்துக் கல்வி வரலாற்றிற் பொன்னெழுத்துகளாற் பொறிக்கவேண்டிய நிகழ்ச்சி. எழுத்தறிவை மட்டுமே அறிவாகக் கொண்ட நிறுவனம், உடலில் தங்கிய அறிவின் முன் முதன்முறையாக மாணவனாயிற்று. ஆனால் அந்நிலை நீடிக்கவில்லை. தயாரிப்பு முடிந்ததும் அண்ணாவியார் ஊர் திரும்பினார். கூத்தினைப் பற்றிய நூல்களும் கட்டுரைகளும் பட்டங்களும் பல்கலைக்கழகத்திலே தங்கின. அவ்வந்தாறுமூலையிலேயே 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று அமைந்து, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அண்ணாவியாரின் ஊருக்கே பல்கலைக்கழகம் வந்துசேர்ந்தது. அண்ணாவியாருக்கு உரிய இருக்கை அங்கு எது என்பது வேறு வினா.

கூத்துக்கு இவ்வளவேனும் இடம் கிடைத்தது. இசை நாடகத்துக்கு அதுவும் தாமதமாகவே கிடைத்தது. தேசிய மரபைத் தேடிய கண்களுக்கு அது தமிழகத்திலிருந்து இறக்குமதியான சரக்காகத் தோன்றியது. செந்நெறியை விரும்பியோருக்கு அது கொச்சையான கொட்டகைப் பண்டம். முற்போக்கு விமர்சனமும் அதன் புராணக் கதைகளையே கண்டு, அதனை ஆடியோரையும் பார்த்தோரையும் காணத் தவறிற்று. வேறுபட்ட நோக்குடைய மூன்று அணிகள் ஒரே புறக்கணிப்பிற் சந்தித்தன. காங்கேசன்துறையிலோ மயான காண்டம் தொடர்ந்து ஆடப்பட்டுக்கொண்டிருந்தது.

5

அறுபதுகளின் இறுதியிற் காங்கேசன்துறைக்கு அயலிலேயே, அவ்வூருக்குப் பெயரளித்த கோயிலின் வாசலில், நாடகத்தின் பொருளை மாற்றிய போராட்டம் ஒன்று நிகழ்ந்தது. 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் நுழைவதற்கு ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினர், கதவுகள் அடைக்கப்பட்டன, அவர்கள் தாக்குதலுக்கு உள்ளாயினர். நந்தனார் நாடகத்தை ஆண்டுதோறும் கண்டு உருகிய சமூகமே நந்தனின் வழித்தோன்றல்களைக் கோயில் வாசலில் மறித்தது. பழைய நாடகத்தின் போதாமையை எவ்வித விமர்சனக் கட்டுரையைக் காட்டிலும் அந்நிகழ்ச்சி தெளிவாக உணர்த்திற்று.

இதன் விளைவாக மரபு வடிவத்துள் புதிய உள்ளடக்கம் புகுந்தது. மௌனகுருவின் 'சங்காரம்' 1969இல் வடமோடி ஆட்டத்தைக் கொண்டு வர்க்கப் போராட்டத்தைப் புலப்படுத்தியது. என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை', காத்தவராயன் கூத்தின் மெட்டுகளிலே ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பேசுவதாக அம்பலத்தாடிகள் குழுவினரால் மேடையேறிற்று. யாழ்ப்பாணத்துச் சாதாரண மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த மெட்டுகள் அவை. பேராதனையில் வடிவம் செம்மைபெற்றது எனின், வடிவம் எதற்கு என்ற வினாவுக்கு விடை மாவிட்டபுரத்து வீதியிலே பிறந்தது எனலாம். நாடகக் கல்விக்கு இரண்டும் இன்றியமையாதன.

6

எழுபதுகளில் நிலைமை மாறத் தொடங்கியது. கார்த்திகேசு சிவத்தம்பி, மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிற் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1970இல் நிறைவுசெய்த ஆய்வு, பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தைச் சடங்கோடும் உற்பத்தி உறவுகளோடும் இணைத்து விளக்கியது. 1981இல் அது நூலுருப் பெற்றது. நாடகம் இலக்கியத்தின் ஒரு கிளை என்ற பழைய நிலைப்பாடு தளர்ந்து, அரங்கு தனக்கெனத் தனியான ஆய்வுமுறை வேண்டும் துறை என்ற கருத்து வலுப்பெற்றது. கொழும்பு வளாகத்திலே எழுபதுகளின் நடுப்பகுதியில் நடைபெற்ற நாடக டிப்ளோமா பாடநெறி, ஆசிரியர் பலருக்கு முறைசார் அரங்கக் கல்வியை முதன்முதலாக வழங்கிற்று. அதிற் பயின்ற குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். உடலசைவு, குரல், விளையாட்டு, கூட்டாக்கம் என்ற அடிப்படையில் நடிகரைப் பயிற்றிய அந்நிறுவனம் பாடசாலை அரங்கையும் சிறுவர் அரங்கையும் மாற்றியமைத்தது.

எண்பதுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் கற்கைநெறியாயிற்று. அதன் மிகச் சிறந்த பயன் வகுப்பறைக்கு வெளியிலேயே வெளிப்பட்டது. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்தி, பல்கலைக்கழகக் கலாசாரக் குழுவினர் 1985இல் ஆடிய 'மண்சுமந்த மேனியர்' கிராமம் கிராமமாகச் சென்றது. போரின் நெருக்குதலில் வாழ்ந்த மக்கள் தம் துயரைத் தாமே மேடையிற் கண்டனர். பல்கலைக்கழகம் மக்களிடம் சென்ற அப்பொழுதுதான் நாடகக் கல்வி தன் நியாயத்தை நிலைநாட்டியது.

பாக்குநீரிணையின் மறுகரையிலும் இதற்கொத்த மாற்றம் நிகழ்ந்தது. டில்லியில் 1959இல் தேசிய நாடகப் பள்ளி தோன்றியது. 1977ஆம் ஆண்டுக் காந்திகிராமப் பயிற்சிப் பட்டறையும் 1981இல் எழுந்த தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகமும் தமிழகத்தில் அரங்கியல் கல்விக்கு வழிகோலின. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தனது நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைச் சூட்டியது. கொட்டகை நாடகாசிரியரின் பெயர் பல்கலைக்கழக வாயிலில் ஏறியமை வரவேற்கத்தக்கது. பெயர் ஏறுவது எளிது. அவர் மரபிலே வந்த நடிகர் விரிவுரை மண்டபத்தினுள் ஏறுவதே அரிது. பட்டமின்றிப் பதவியில்லை என்னும் விதி, அறிவின் தரத்தைக் காக்கும் வேலியாகத் தோன்றினும், அறிவை உருவாக்கியோருக்கு அடைத்த கதவாகவும் தொழிற்படுகின்றது.

7

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் மூண்ட போர் காங்கேசன்துறையையும் வலிகாமம் வடக்கையும் வெறுமையாக்கியது. சீமெந்துத் தொழிற்சாலை இயக்கமிழந்தது. மக்கள் அகதி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் சிதறுண்டனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. வைரமுத்து அதற்கு ஓராண்டுக்கு முன்னரே காலமாகிவிட்டார். ஊர் கலைந்தபொழுது அவருடைய இசை நாடகத்தைப் பேணிய பார்வையாளர் கூட்டமும் கலைந்தது. கோயில் திருவிழா, வாசகசாலை நிதி, பாடசாலைக் கட்டட நிதி என்று இரவுதோறும் மேடை அளித்த உறவுகளின்றி அக்கலைக்கு வாழ்வில்லை. 2015ஆம் ஆண்டு சனவரியிற் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. தண்டவாளத்தை மீள இடலாம். ஒரு தலைமுறையின் செவிப்பயிற்சியை அவ்வாறு இட முடியாது.

இவ்விடத்தில்தான் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு மிகுதியாகின்றது. பட்டப்படிப்புப் பெருகியுள்ளது, பாடசாலைகளிலே நாடகமும் அரங்கியலும் பரீட்சைப் பாடமாகிவிட்டது. மாணவன் ஸ்ரனிஸ்லவ்ஸ்கியையும் பிறெஃற்றையும் பற்றி விடையெழுத வல்லவனாகின்றான். அவ்வறிவு தேவையானதே. உலக அரங்கை அறியாத தேசிய அரங்கு கிணற்றுத் தவளையாகிவிடும். ஆனால் அதே மாணவன் விருத்தம் ஒன்றைச் சுருதி பிசகாது எடுத்து, எதிரே நிற்பவனின் வினாவுக்குத் தர்க்கத்திலே விடையிறுக்க இயலாதவனாயின், அவன் பெற்ற கல்வியில் ஏதோ ஒரு பகுதி விடுபட்டுள்ளது என்றே கொள்ளல் வேண்டும். பிறெஃற் தமது அரங்கிற்குரிய பாடல்களைச் சந்தைப் பாடகரிடமும் மதுச்சாலைப் பாடகரிடமும் தேடியவர். அவரைக் கற்பிப்போர் நமது கொட்டகைப் பாடகரை மறப்பது அவருக்கே ஒவ்வாததாகும்.

ஆகவே மூன்று பணிகள் எம்முன் உள்ளன. இசை நாடகக் கலைஞரின் பாடற் குறிப்பேடுகளையும் நினைவிலுள்ள பாடமுறைகளையும், அவற்றை அறிந்தோர் எஞ்சியிருக்கும்பொழுதே திரட்டுதல் முதலாவது. அவர்களது பயிற்சி ஒழுங்கைப் புறத்தே நின்று விவரிக்கும் ஆய்வுப்பொருளாக மட்டும் கொள்ளாது, பட்டப்படிப்பின் உள்ளமைப்பிலேயே ஒரு கற்பித்தல் முறையாக ஏற்றுக்கொள்ளுதல் இரண்டாவது. பட்டம் இல்லாத காரணத்தால் அண்ணாவியாரையும் இசை நாடக நடிகரையும் நாட்கூலிப் பயிற்றுநராக வைத்திராது, மதிப்பிடும் உரிமையும் உரிய ஊதியமும் உள்ள ஆசிரியராக அமர்த்துதல் மூன்றாவது.

இவற்றுள் மூன்றாவதே கடினமானது. முதலிரண்டும் பல்கலைக்கழகத்தின் அறிவைப் பெருக்குவன. மூன்றாவது அதன் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளக் கோருவது. 1924இல் வலிகாமம் வடக்கிற் பிறந்த இருவருள் ஒருவருக்குப் பல்கலைக்கழகம் தன் தலைமையையே அளித்தது. மற்றவரின் வழிவருவோருக்கு ஓர் ஆசிரிய இருக்கையையேனும் அளிக்க அது முன்வருமா என்பதனைக் கொண்டே ஈழத்துத் தமிழ் நாடகக் கல்வி யாருடைய கல்வி என்பதை வருங்கால வரலாறு தீர்மானிக்கும்.